வாக்கிங் போயி எளைச்ச மாப்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. அந்த இரும்பு நாற்காலி வேண்டாம், அது உன்ற பழைய ஒடம்புக்குன்னு வாங்கிப் போட்டது. இப்ப இருக்கற ஒடம்புக்குப் பிளாஸ்டிக்கே தாங்கும். காத்தடிச்சா மட்டும் தூணைப் புடிச்சுக்க.

ஊரெல்லாம் உன்ற பழமைதான். 128 கிலோ இருந்தவன் எட்டு மாசத்துல 84க்கு வந்துட்டானாமா. எப்படீங்கன்னு கேக்கறவங்களுக்கெல்லாம், காலைல வாக்கிங், ராத்திரி குதிரைவாலிக் கஞ்சின்னு சொல்றியாமா. அதைக் கேட்டுப்போட்டு மளிகைக் கடைக்காரன் குதிரைவாலிக்கு வெலை ஏத்திப்போட்டான். தெக்காலத் தோட்டத்துக்காரன் விடியக்காலம் எந்திரிச்சு இட்டேரியில ஓடுறான். நாய் தொரத்துது, முட்டி வீங்குது, கிலோ மட்டும் கொறைய மாட்டேங்குது. பாவம், அவனுக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும். உங்கப்பன் திதிக்கு மேட்டுப்பாளையத்துல பவானியில முங்குனமல்லோ, நீ ஈர வேட்டியோட கரையேறுறப்பப் பார்த்தேன். தொப்புளுக்கு மேல ஒண்ணு, அதுக்கு ரண்டு பக்கமும் ரண்டு ரண்டு, மொத்தம் அஞ்சு தழும்பு. ஒவ்வொண்ணும் அரை இஞ்சுகூட இருக்காது. வாக்கிங் போனாக் கால்லதான் காப்புக் காய்க்கும், வயித்துல எதுக்குத் தையலு? நான் கேக்கலை. திதி குடுக்கற எடத்துல கேக்கற நாயமா அது? நீயாத் துண்டை இழுத்து மூடிக்கிட்ட. பொறவு உங்கம்மாகிட்ட, என்ற அக்காகிட்ட, லேசா வாயைக் கிளறுனேன். கொட்டிப்போட்டா. "வெளிய சொல்லிப்போடாதடா தம்பி, பேத்திக்கு நாளைக்குச் சம்பந்தம் பேசோணும், அப்பனுக்கு வயித்துல ஆப்பரேசனான்னு கேப்பாங்க"ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. அந்தச் சத்தியத்தை இன்னைக்கு வரைக்கும் காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்கறேன். இப்பவும் உன்கிட்ட மட்டுந்தான் சொல்றேன், அதுவும் மெதுவா.

ஆப்பரேசன் பண்ணுனது தப்புன்னு சொல்ல நான் வரலை. நீ பட்ட பாட்டை நான் பார்த்தவன். சக்கரைக்கு ரண்டு வேளை ஊசி. மாடிப்படி ஏறுனா நாலாவது படியில பெருமூச்சு. நீ கொறட்டை விட்டாப் பக்கத்து ஊட்டுக் கன்னுக்குட்டி தாயைத் தேடும். வயித்தைத் திருத்துன சில நாள்லயே ஊசி கொறைஞ்சு போச்சு, எளைக்க எளைக்கக் கொறட்டையும் நின்னுபோச்சு. நல்ல காரியந்தான். நாக்கைக் கட்ட முடியாதவனைப் பார்த்துச் சிரிக்கற ஊரு இது. ஒடம்பு பெருக்கறது நாக்கு ஒண்ணால மட்டும் வர்ற சீக்கில்லைன்னு ஊருக்குத் தெரியாது. அதனால நீ மறைச்சதுகூட எனக்குப் புரியுது.

எனக்குப் புரியாதது வேற. ஊருக்குச் சொன்ன பொய்யை நீயே நம்ப ஆரம்பிச்சுட்டியே, அதெப்படி? போன நோம்பிக்கு உன்ற ஊட்டுக்காரி மாத்திரையை எடுத்து நீட்டுனா. "எனக்கென்னடி சீக்கு, வாக்கிங் போறவனுக்கு மாத்திரை எதுக்கு"ன்னு கேட்ட. ஒறம்பரைங்களுக்காகச் சொல்றயாக்கும்னு பார்த்தேன். ஒறம்பரையெல்லாம் போன பொறவும் நீ அதை முழுங்கலை. பூஜை ரூம்புல விபூதித் தட்டத்துக்குப் பக்கத்துல மாத்திரை அட்டை நாலு கெடக்குது, ஒண்ணுகூடப் பிரிக்கலை. சாமி முழுங்கட்டும்னு உட்டுட்டியா?

ஆஸ்பத்திரியில நீ கையெழுத்துப் போட்ட காயிதத்துல, ஆயுசு பூராவும் சத்து மாத்திரை, ஆயுசு பூராவும் ரத்தப் பரிசோதனைன்னு போட்டிருந்துச்சு. சீட்டுக் கம்பெனிக் காயிதமா இருந்தா எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்ப. வயித்துக் காயிதம்னதும் எங்க கையெழுத்துங்கன்னு கேட்டுப் போட்டுட்டு வந்துட்ட.

உனக்கு என்ன பண்ணியிருக்குதுன்னு உனக்கே தெரியுமான்னு எனக்குச் சந்தேகம். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில என்ற பேத்தி டயட்டீசியனா இருக்கறாளல்லோ, ராத்திரி போன்ல நாயம் பேசறப்ப அவ சொன்னதைச் சொல்றேன். இரைப்பைக்கு மேல்மூலையில 30 மில்லி புடிக்கற அளவுக்கு ஒரு சின்னப் பையா வெட்டிப் பிரிச்சுட்டாங்க. 30 மில்லின்னா எவ்வளவுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பழைய பழக்கத்துல அளவு தெரிஞ்சவன் நீ. மிச்ச இரைப்பை உள்ளயே கெடக்குது, ஆனா சோறு அந்தப் பக்கம் போகாது. சிறுகுடலைக் கொஞ்ச தூரம் தள்ளி வெட்டி, மேல இழுத்து, அந்தச் சின்னப் பையில தெச்சிருக்கறாங்க. வெட்டுன பழைய நுனியைக் கீழ ஓரிடத்துல கொண்டுபோயி இணைச்சிருக்கறாங்க. பார்த்தா இங்கிலீசு 'ஒய்' எழுத்து. அப்படித் தெக்கற தையலுக்கு சேசர் ரூன்னு ஒரு சுவிட்சர்லாந்து டாக்டர் பேரு. ஒடம்பு எளைக்கறதுக்காக இரைப்பை பைபாஸை மொதல்ல பண்ணுனது அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டியில எட்வர்ட் மேசனும் சிகாவோ இட்டோவும், 1966ல. அல்சருக்காக இரைப்பையை வெட்டுனவங்க எளைச்சே கெடக்கறதைப் பார்த்துத்தான் மேசனுக்கு அந்த யோசனையே வந்துச்சு.

இப்பக் கேளு. அன்னூர் பஸ்ஸு பைபாஸ்ல போனா என்ன ஆகும்? வெரசாப் போயிரும், அது நெசம். ஆனா ஊருக்குள்ள எறங்க வேண்டிய ஆளு என்ன பண்ணுவான்? இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் எறங்கற ஸ்டாப்பு சிறுகுடலோட மொதக் கட்டு. சோறு இப்ப அந்த வழிக்கே போறதில்லை. ரண்டும் ஸ்டாப்பு தவறிப்போயி, கண்டக்டரைத் திட்டிக்கிட்டே கடைசி ஸ்டாண்டுல எறங்கி வெளிய போயிருது. நீ கீரை தின்னேன், ஈரல் தின்னேன்னு கணக்குச் சொல்ற. டிக்கெட் எடுத்தது நெசந்தான் மாப்ள, ஊடு வந்து சேந்துச்சான்னு பார்க்கோணுமல்லோ.

கோபியில உன்ற பங்காளி ஒருத்தன் இருக்கறான், அவன் உன்னையவிடக் கெட்டிக்காரன். "மாமா, என்றது பைபாஸ் இல்லீங். இரைப்பையை மட்டும் நெடுக்க வெட்டிக் குழாயாக்கியிருக்குது, குடலைத் தொடவேயில்லை. எனக்கு மாத்திரை தேவையில்லீங்"கறான். அவனுக்கு இரைப்பையில முக்காப் பங்குக்கு மேல வெட்டி வெளியவே எடுத்தாச்சு. பசியைக் கெளப்புற சுரப்பு அந்தத் துண்டுலதான் எச்சு, அதனால பசி அடங்குச்சு. ஆனா அமிலம் சுரக்கற எடமும் அதுதான். அமிலம் இல்லாம இரும்பும் சரியா ஏறாது, பி12ம் கறியை உட்டுப் பிரியாது. போதாததுக்கு ரண்டு இட்லிக்கு மேல உள்ள எறங்கறதில்லை. எறங்குற ரண்டு இட்லியில எத்தனை சத்தைத் தேடறது?

சரி, அவனை உடு. உன்ற கதைக்கு வர்றேன். போன மாசம் சந்தைக்கடையில புரோட்டாவை மென்னு திங்காம அவசர அவசரமா முழுங்கி, அது அடைச்சு, குடிச்ச தண்ணிகூட நிக்காம வாந்தியெடுத்துக் கெடந்தயே. ஒரு வாரம் கழிச்சு, பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக்குக்கு நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். படுத்த ஒடனே நீ சொன்ன மொத வார்த்தை, "ஒரு பாட்டில் ஏத்துங்க சார், தெம்பு வரும்." நம்ம சனத்துக்கு டாக்டர் எதுக்கு, மருந்து எழுதறதையும் நாமளே பண்ணிக்கிறோம். அந்த நர்சம்மா நல்ல பொண்ணு, முறையாக் கேட்டுச்சு. "ஏதாவது ஆப்பரேசன் ஆகியிருக்குதுங்களா?" நீ என்னைய ஒரு பார்வை பார்த்துட்டுச் சொன்ன, "குடல்வால்கூட எடுக்கலீங்." எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அடிவயித்துல பயமும் வந்துச்சு. குளுக்கோஸ் ஏத்துனாங்க. நல்லவேளை, கூடவே ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசியை பாட்டில்ல கலந்தாங்க, பாட்டில் மஞ்சளாச்சு. தெரிஞ்சு கலந்தாங்களோ, மஞ்சளா இருந்தாத்தான் நம்மாளுக்குத் திருப்தின்னு கலந்தாங்களோ, அளவு பத்துச்சோ பத்தலையோ, நீ எந்திரிச்சு வந்துட்ட.

அதுல என்ன பயம்னு கேக்கறயா? பி1னு ஒரு சத்து, தயமின்னு பேரு. ஒடம்புல அது ரண்டு மூணு வாரத்துக்கு மேல கையிருப்பு நிக்காது. மத்த சத்துல பலது மாசக்கணக்குல, வருசக்கணக்குல தாக்குப் புடிக்கும், இது அன்னாடங்காச்சி. திங்கறதே கொறைச்சல், தின்னதையும் வாந்தியெடுத்தா அந்தக் கையிருப்பு மளமளன்னு தீந்துபோகும். அந்த நேரம் பார்த்து வெறும் குளுக்கோஸை ஏத்துனா, சக்கரையை எரிக்கறதுக்கு ஒடம்பு மிச்சமிருக்கற பி1ஐயும் செலவழிச்சுப்போடும். அடி மூளையில உழுகும். கண்ணு ஆடும், ஒண்ணு ரண்டாத் தெரியும். நடை தள்ளாடும். ஆளுக்குப் பேச்சும் நெனைப்பும் தடுமாறும். அதனாலதான் வெவரம் தெரிஞ்ச டாக்டரு மொதல்ல தயமின் ஊசி, பொறவுதான் குளுக்கோசும்பாரு. ஆனா அவருக்கு வெவரம் தெரியோணும்னா நீ வாயைத் திறக்கோணும். உன்ற நிலைமையில கண்ணும் நடையும் தடுமாறுனா ஊரு என்ன சொல்லும்? "பையன் பழையபடி ஆரம்பிச்சுட்டான், தெளியட்டும்"னு திண்ணையில படுக்கப் போட்டுட்டுப் போயிருவாங்க. விடியறப்ப ஆளு இருப்ப, ஞாபகம் இருக்காது. அப்படிப் போன ஞாபகம் சில பேருக்குத் திரும்பறதேயில்லை.

இதைக் கண்டுபுடிச்சு எழுதுனவரு கார்ல் வெர்னிக்கே, ஜெர்மனிக்காரரு, 1881ல. அவரு எழுதி வெச்ச மூணு பேர்ல ரண்டு பேரு குடிகாரங்க. மூணாவது ஆளு ஒரு பொம்பளை. கந்தக அமிலத்தைக் குடிச்சு, இரைப்பை புண்ணாகி, ஓயாம வாந்தியெடுத்தவ. அந்தக் காலத்துல எளைக்கற ஆப்பரேசன் ஏது? ஆனா வயிறு கெட்டு வாந்தி நிக்கலைன்னா மூளைக்கு வரும்னு அன்னைக்கே எழுதி வெச்சாச்சு, உனக்கு நூத்தி நாப்பது வருசத்துக்கு முன்னாடி.

இன்னொண்ணு சொல்றேன், இது நம்ம பக்கத்துச் சங்கதி. அந்தா தெரியுதே மலை, அதுமேல குன்னூர்ல 1918ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒத்தை ரூம்புல ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. ராபர்ட் மெக்காரிசன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டரு. எதுக்குத் தெரியுமா? பெரிபெரி. இதே பி1 கொறைஞ்சு வர்ற சீக்கு. காலு வீங்கும், மரத்துப்போகும், நெஞ்சு பலவீனமாகி ஆளைச் சாய்க்கும். அன்னைக்கு மெட்ராஸ் ராஜதானியில வடக்காலத் தெலுங்குக் கடலோரத்துல அது ஏகமா இருந்துச்சு, நம்ம தமிழ்ப் பக்கம் அவ்வளவா இல்லை. காரணம் என்னன்னு பார்த்தா அரிசி. அங்க மில்லுல தீட்டுன பச்சரிசி. இங்க ஆத்தாளுங்க நெல்லை ஊற வெச்சு, உமியோட அவிச்சு, களத்துல காய வெச்சுக் குத்துன புழுங்கல் அரிசி. அவிக்கறப்பத் தவிட்டுல இருக்கற பி1 அரிசிக்குள்ள எறங்கிக்கும், பொறவு தீட்டுனாலும் முழுசாப் போகாது. ஆத்தாளுங்களுக்குத் தயமின்னும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஊருச் சனத்தோட நரம்பைக் காப்பாத்திப்போட்டாங்க. அந்த ஒத்தை ரூம்பு பெரிசாகி, 1958ல ஹைதராபாத்துக்குப் போயி, இப்ப தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா நிக்குது. நம்ம மலையில பொறந்து உலகத்துக்கே சத்துக் கணக்குச் சொல்லிக் குடுத்த ஆராய்ச்சி. அந்த மலையடிவாரத்துல உக்காந்துக்கிட்டு நீ பெரிபெரியை நூறு வருசங் கழிச்சு விருந்துக்குக் கூப்புடற. அதுவும் லட்சக்கணக்குல செலவு பண்ணி.

மூஞ்சியைத் தூக்காதே. மோர் குடி. ஒரே மடக்கா வேண்டாம், ஒவ்வொரு மடக்கா.

அடுத்து பி12. இவன் பி1க்கு நேர் எதிரு, அவசரமே கெடையாது. ஈரல்ல வருசக்கணக்குக்குச் சேமிப்பு இருக்கும். ஆப்பரேசன் முடிஞ்சு மொத வருசம் ஒண்ணுந் தெரியாது, நீயும் சட்டையை இன் பண்ணிக்கிட்டு நோம்பி நோம்பியாச் சுத்துவ. ரண்டு மூணு வருசத்துல உள்ளங்காலு மதமதங்கும். நடந்து வர்றப்பச் செருப்பு ஒண்ணு கழண்டு விழுந்திருக்கும், உனக்குத் தெரியாது, ஒத்தைச் செருப்போட ஊடு வந்து சேருவ. அன்னைக்கு நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு அதுமேல பழியைப் போடுவ. அது நாய் வேலையில்லை மாப்ள, தண்டுவடத்து நரம்போட வேலை. ரொம்ப நாளு உட்டா, ஊசி போட்டாலும் முழுசாத் திரும்பாது.

இந்தப் பி12க்கு இரைப்பை எதுக்குங்கறதைக் கண்டுபுடிச்ச கதை இருக்குதே, அதைப் பேத்தி சொன்னப்ப நான் சோத்துத் தட்டத்தை நகத்தி வெச்சுட்டேன். பாஸ்டன்ல வில்லியம் காசில்னு ஒரு டாக்டரு, 1920கள்ல. ரத்தம் வத்திச் சாகறவங்களுக்கு வெறும் மாட்டுக்கறி குடுத்துப் பார்த்தா எடுபடலை. இவரு என்ன பண்ணுனாரு? கறியை இவரே தின்னாரு. ஒரு மணி நேரங் கழிச்சு வயித்துல இருந்ததை வெளிய எடுத்து, கூழாகற வரைக்கும் ஊற வெச்சு, அதைக் குழாய் வழியா நோயாளிக்குக் குடுத்தாரு. நோயாளிக்கு ரத்தம் ஊறுச்சு! ஆக, நல்ல இரைப்பையில சுரக்கற ஏதோ ஒண்ணு இருந்தாத்தான் அந்தச் சத்து ஒடம்புல சேருதுன்னு தெளிவாச்சு. அந்தச் சுரப்பு இருக்கற எடத்தைத்தான் உனக்கு ஓரங்கட்டியிருக்குது, கோபிக்காரனுக்கு வெட்டியே எடுத்திருக்குது. காசில் காலமா இருந்தா அடுத்தவன் தின்னு கக்குனதைக் குடிச்சுத்தான் நீ பொழைக்கோணும். இன்னைக்கு மாசம் ஒரு ஊசி போதும், இல்லைன்னா அன்னாடம் ஒரு மாத்திரை. அதுக்கும் மூக்கால அழுகற.

நம்ம எருமைக்கு இந்தத் தொல்லையே இல்லை. மண்ணுல கோபால்ட் இருந்தாச் சரி, அது வயித்துல இருக்கற கிருமிகளே பி12 பண்ணிக் குடுத்துரும். புல்லுலயும் அரிசியிலயும் கீரையிலயும் அது கெடையாது. கறி, மீன், முட்டை, பால், தயிருலதான். நீயோ சனிக்கிழமை சைவம், புரட்டாசி பூராச் சைவம், கார்த்திகைக்கு மாலை வேற போடுவ. ஆப்பரேசனுக்கு முன்னாடி பத்து வருசமாச் சக்கரைக்கு மெட்ஃபார்மின் முழுங்கியிருக்கற, அதுவும் பி12ஐக் கொறைக்கும். ஆப்பரேசன் மேசையில ஏறுறப்பவே உன்ற சேமிப்பு அரையோ காலோ, யாரு கண்டா.

இரும்புச் சத்துக்கு வா. நேத்து நாலு படி ஏறுனதும் நின்னுட்ட. முன்னாடி எடையால நின்ன, இப்ப ரத்தமில்லாம நிக்கற. கண்ணு இமையைக் கீழ இழுத்துக் கண்ணாடியில பாரு, வெளுத்துக் கெடக்கும். ஊட்டுக்காரி இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒண்ணா உள்ளங்கையில வெச்சு, மேல சூடா ஒரு டம்ளர் டீயையும் குடுத்தா, நீ மாத்திரை முழுங்குன அந்த மொத ஒரு வாரம். பாசக்காரி, அவளைச் சொல்லிக் குத்தமில்லை. கால்சியம் இரும்பை உள்ள உடாது, டீயில இருக்கற துவர்ப்பு அதைக் கட்டிப் போட்டுரும். மூணுமாச் சேந்து சண்டை போட்டு, கடைசியில மலந்தான் கறுப்பாச்சு. ரண்டுக்கும் நடுவுல ரண்டு மணி நேரமாவது இடைவெளி உடோணும். இரும்பை எலுமிச்சந் தண்ணியோட முழுங்கு, டீயைத் தள்ளி வெய்யி. கால்சியமும் ஒரேயடியா ஏறாது, நாளைக்கு 1200லயிருந்து 1500 மில்லிகிராம் வேணும்னா ஐந்நூறு ஐந்நூறாப் பிரிச்சுக்கோணும். கடையில எது மலிவோ அதை வாங்காதே. கார்பனேட்டு கரையறதுக்கு அமிலம் வேணும், உன்கிட்ட அது ஏது? சிட்ரேட்டுன்னு கேட்டு வாங்கு. இதை உட்டா எலும்பு தன்னையே கரைச்சு ரத்தத்துக்குக் கடன் குடுக்கும். அந்தக் கடன் அறுபது வயசுல, குளிக்கற ரூம்புல வழுக்கி உழுகறப்பத்தான் தெரியும்.

வெயில்ல நிக்கற ஊருல டி வைட்டமின் கொறையுமான்னு கேப்ப. கொறையுது. நீ எங்க வெயில்ல நிக்கற? பனியன் கம்பெனி ஏசி ரூம்புல இருந்து காரு ஏசிக்கு வர்ற, காருல இருந்து ஊட்டு ஏசிக்குப் போற. சூரியன் உன்னையப் பார்த்தே வருசமாச்சு.

முடி கொட்டுதுன்னு ஆயிரத்து எட்டு எண்ணெய் வாங்கி வெச்சிருக்கறயே, அதை மொதல்ல அக்கா தலையில தேச்சு உடு, அவளுக்காவது குளிர்ச்சியா இருக்கும். வெரசா எளைச்சா மூணாவது மாசத்துல இருந்து முடி கொட்டத்தான் செய்யும், பெரும்பாலும் திரும்ப மொளைச்சுரும். ஆனா அது மொளைக்கறதுக்குப் புரதம் வேணும், இரும்பு வேணும், துத்தநாகம் வேணும். நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ள போகோணும்கறா பேத்தி. ஒரு முட்டையில ஆறு கிராம். நீயே பெருக்கிக்க. அதனால தட்டத்துல மொதல்ல முட்டை, பருப்பு, கோழி, பன்னீரு, கொள்ளு. எடமிருந்தாத்தான் சோறு. நீ தலைகீழாப் பண்ற. மொதல்ல சோறு, அதோட வயிறு ரொம்பிரும், கோழி பூனைக்குப் போகுது. பூனை நல்லாத்தான் இருக்குது. அப்பறம் அந்தக் கரடிப் பொம்மை மிட்டாய், சத்து மிட்டாய்னு டப்பா டப்பாவா வாங்கற பாரு, அதுல பலதுல இரும்பே இருக்காது. கொழந்தைங்க திங்கட்டும்.

கல்யாணத்துல ஒப்புட்டைப் பார்த்ததும் கையி நீளுது. போன முகூர்த்தத்துல ரண்டு ஒப்புட்டு, மேல ஒரு கரண்டி நெய்யி. கால் மணி நேரத்துல பந்தியிலயே வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கைகழுவற பக்கம் ஓடுன. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க செய்வெனைன்னு பயந்துட்டாங்க. இனிப்பு இரைப்பையில நின்னு நிதானமா எறங்க வழியில்லாம மொத்தமாக் குடல்ல கொட்டுனதுதான் செய்வெனை. சில பேருக்கு ரண்டு மணி நேரங் கழிச்சுச் சக்கரை ஒரேயடியா எறங்கி மயக்கமே வரும், அதைச் சாப்பாடு பத்தலைன்னு நெனைச்சு இன்னும் ரண்டு ஒப்புட்டு தின்னா, சுத்திச் சுத்தி அதே கதைதான்.

பிராந்தியைப் பத்தி நான் பேசப்போறதில்லை. பேசுனாக் கேக்கவா போற? ஒண்ணே ஒண்ணு, முன்னாடி நாலுல ஏறுனது இப்ப ஒண்ணுல ஏறும், எறங்கறதுக்கும் நேரமாகும். செலவு மிச்சம்னு சந்தோசப்படாதே. பீடி, சிகரெட்டு புடிச்சாத் தெச்ச எடத்துல புண்ணு வரும். தலைவலிக்கும் முட்டிவலிக்கும் மெடிக்கல்ல கேட்டு வாங்கி முழுங்கற ப்ரூஃபன், டைக்லோஃபினாக்குக்கும் அதே புண்ணுதான். பாரசிட்டமால் போட்டுக்க, அதுக்கு மேல வேணும்னா டாக்டரைக் கேளு. எந்த டாக்டரை? நீ உண்மையைச் சொன்ன டாக்டரை.

வயித்து வலி வந்தா வாயு, பிடிப்புன்னு ஓம வாட்டரைக் குடிச்சுப் படுத்துராதே. வெரசா எளைச்சவங்களுக்குப் பித்தப்பையில கல்லு வர்றது உண்டு. அது வலது பக்கம், தின்ன பொறவு சுருக்குனு வரும். இன்னொண்ணு அதைவிட மோசம். குடலைத் திருத்தி வெச்ச எடத்துல சந்து இருக்கும், எளைக்க எளைக்க உள்ள இருக்கற கொழுப்பும் கரைஞ்சு சந்து பெரிசாகும். அதுக்குள்ள குடல் நழுவிப் போயி முறுக்கிக்கும். அஞ்சு வருசங் கழிச்சுக்கூட வரும். வலி வரும், போகும், மறுபடி வரும். ஸ்கேன்ல சில சமயம் சிக்காது. அந்த நேரத்துல "குடல்வால்கூட எடுக்கலீங்"னு சொன்னீன்னா, அந்த டாக்டரு அல்சருக்கு எழுதிக் குடுத்து அனுப்பிருவாரு. குடல் கறுத்துப் போறதுக்கு அதிக நேரம் ஆகாது.

கோபிக்காரன் மச்சினிச்சியும் கல்யாணத்துக்கு முன்னாடி இந்த ஆப்பரேசன் பண்ணிக்கப் போகுதாமா. பண்ணட்டும். ஆனா பொறவு ஒரு ஒன்றரை வருசம் கொழந்தையைத் தள்ளிப் போடோணும், சத்துக் கணக்குச் சரியாகி எடை நிலைச்ச பொறவுதான். சம்பந்தி ஊட்டுல பத்தாவது மாசமே தொட்டிலைத் தொடைச்சு வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. அங்கயும் மறைச்சா, வயித்துல இருக்கற கொழந்தை நரம்புக்கும் மூளைக்கும் யாரு பதில் சொல்றது? இதை உன்ற வாயால நீயே போயி அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு. அனுபவஸ்தன் சொன்னாக் கேக்கும். நான் சொன்னாக் கெழவன் கல்யாணத்துக்குக் குறுக்க உழுகறான்னு சொல்லுவாங்க.

ஊருக்கெல்லாம் மைக் வெச்சுச் சொல்லச் சொல்லலை. தெக்காலத் தோட்டத்துக்காரன் ஓடட்டும், அவனுக்கும் ரத்தக் கொதிப்பு இருக்குது. ஆனா ஒரு காயிதத்துல என்ன ஆப்பரேசன், எந்த மாசம், எந்த ஆஸ்பத்திரின்னு எழுதி மணிபர்சுல வெய்யி. குளுக்கோசுக்கு முன்னாடி தயமின்னு தடிச்ச எழுத்துல எழுது. ஊட்டுக்காரிகிட்ட ஒண்ணு, தம்பிகிட்ட ஒண்ணு. பர்சுல முருகன் படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கற அந்த வேற காயிதத்தை நான் பார்க்கலை, அதையும் எடுத்துப்போட்டீன்னா எடமிருக்கும்.

பேத்திகிட்டப் பேசிப்போட்டேன். வர்ற வியாழக்கிழமை காலைல வெறும் வயித்தோட வரோணும். பி12, இரும்பு, ஃபோலிக், டி, கால்சியம், பேராத்தைராய்டு, புரதம், இன்னும் துத்தநாகம், தாமிரம்னு ஏதேதோ சொன்னா, எல்லாத்துக்கும் ரத்தம் எடுப்பாங்க. மொத வருசம் மூணு மாசத்துக்கு ஒருக்கா எடுக்கோணுமாமா, நீ ரண்டு தவணையை முழுங்கிப்போட்ட. பொறவு வருசாவருசம். ஆப்பரேசன் ஃபைலைக் கொண்டு வா. பீரோவுல பட்டுச் சேலைக்கு அடியில இருக்குதுன்னு உங்கம்மா சொன்னா. நானும் கூட வர்றேன், எனக்கும் சக்கரை பார்க்கோணும். ரத்தம் குடுத்துட்டுக் கேண்டீனுக்குப் போலாம், அங்க உளுந்த வடை நல்லாருக்கும். உனக்கு அரை வடை, மெதுவா மென்னு திங்கோணும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.